கடைசி என்று சொல்லாதவர்

படலைத் திறந்து தோட்டத்துக்குள் வந்தால் உடனே சாத்த வேண்டும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். கொஞ்சம் அசந்தால் காட்டுமாடு புகுந்துவிடும். ஒரு போகம் போய்விடும்.

அவர் உடனே சாத்தமாட்டார். உள்ளே வந்து, படலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நிற்பார். பின்னால் ஒரு ஆள் வருவதுபோல. அந்த ஆள் உள்ளே வந்து தாண்டிப் போகிற நேரம் வரைக்கும் நிற்பார். பிறகு சாத்திக் கயிற்றை மாட்டுவார்.

பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

சுமைக் கூட்டத்தில் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்தேன். அவர் யாருக்காக நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். வரப்பு காலியாகக் கிடந்தது. புல்லில் பனி வெள்ளையாக இருந்தது. நடுவில் எங்கள் தடம் மட்டும் தெரிந்தது. கூட வந்த பெண்கள் யாரும் திரும்பவில்லை. அவர்களுக்குப் பழகியிருந்தது. பிறகு எனக்கும் பழகிவிட்டது.

நாங்கள் பூண்டு சுமக்கிறவர்கள். கொடைக்கானல் மலையில், கவுஞ்சிக்குக் கீழே தோட்டங்கள் படிப்படியாக இறங்கும். அங்கே வண்டி போகாது. துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேலே தார்ரோட்டுக்கு வரவேண்டும். லாரி அங்கேதான் நிற்கும். எட்டுப் பேர், பத்துப் பேர் வரிசையாக நடப்போம். பெண்கள்தான் அதிகம். ஆண்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

அதற்குச் சில முறை உண்டு. ஒத்தையடிப் பாதையில் உட்காரக் கூடாது. முடியவில்லை என்றால் பாதையை விட்டு விலகி, மூட்டையைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார வேண்டும். பின்னால் சுமையோடு வருகிறவர் ஏற்றத்தில் நிற்க முடியாது. நின்றால் மறுபடி கால் எடுக்காது.

மேகம் இறங்கிவிட்டால் இன்னொரு முறை. பக்கத்தில் இருக்கிறவர் முதுகுகூடத் தெரியாது. முன்னால் போகிறவர் "ஓ" என்று சத்தம் கொடுப்பார். அடுத்தவர் "ஓ" என்பார். அப்படியே பின்னால் போகும். கடைசி ஆள் "ஓ" சொல்லிவிட்டு, "கடைசி" என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை ஒவ்வொருவராக முன்னால் அனுப்புவோம். அது முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் எல்லோரும் இருக்கிறோம் என்று அர்த்தம். நடுவில் இருக்கிறவர் காதில் விழுந்ததை விழுங்கக் கூடாது. பின்னால் இருந்து என்ன வந்தாலும் முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேகத்துக்குள் பேர் சொன்னால் யார் திரும்புவார் என்று தெரியாது. அவர் பேரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.

அவர்தான் எப்போதும் வரிசையில் கடைசி. அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டார். சத்தம் அவரிடம் வரும். "ஓ" என்பார். அதோடு சரி. "கடைசி" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தலையைச் சாய்த்து, பின்பக்கம் காதைக் கொடுத்து நிற்பார்.

எங்கள் மேஸ்திரி ஒரு அக்கா. வேலைக்கு ஆள் கூட்டி வருவதும், வரிசையில் முன்னால் நடப்பதும் அவர்தான். முன்னாலிருந்து கத்துவார்.

"கடைசின்னு சொன்னா வாய் சுளுக்கிக்கிருமாய்யா? எட்டுப் பேரு நிக்கிறோம், தலையில மூட்டையோட."

"வரட்டும்," என்பார் அவர்.

"யாரு வரட்டும்? எனக்குக் கழுத்து ஒடியுது."

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு முன்னால் இருக்கிற பெண்ணே "கடைசி" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வரிசை நகரும்.

அவர் அதிகம் பேசியதில்லை. பேசினதில் அதிகம் சொன்னது அந்த ஒரு சொல்தான். வரட்டும்.

பஸ்ஸிலும் அப்படித்தான். எல்லோரும் ஏறிய பிறகுதான் படியில் கால் வைப்பார். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"இன்னும் யாருய்யா வரணும், ஒம் மாமியாளா?"

"வரட்டும்."

"வந்தா ரெண்டு டிக்கெட்டு போடுவேன். சம்மதமா?"

"போடுங்க," என்றார் ஒருநாள்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு கண்டக்டர் அதைக் கேட்டதில்லை.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடமாட்டார் என்று சொல்வார்கள். அது பொய். உட்கார்ந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கொஞ்சம் தள்ளி உட்காருவார், அவ்வளவுதான். பழனிக்கு நாங்கள் நடந்து போன வருஷம், கோயில் வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நின்றார். நாங்கள் சாமி பார்த்து, பஞ்சாமிர்தம் வாங்கி, அடிவாரத்தில் தூங்கியும் எழுந்துவிட்டோம்.

"முருகன் நடையைச் சாத்திட்டுத் தூங்கப் போயிருவாரு. இந்த மனுசன் இன்னும் வரிசையில நிப்பாரு," என்றார் மேஸ்திரி அக்கா. வாயில் அப்படித்தான் பேசுவார். அவர் வரும்வரை எங்களைப் பஸ் ஏறவும் விடவில்லை.

ஏன் இப்படி என்று எனக்குச் சொன்னதும் அக்காதான். மழைக்காலம். கொட்டகையில் உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். அவர் வெளியே லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு ஒரு தம்பி இருந்தான்," என்றார் அக்கா. "நல்ல பய. பாட்டுப் பாடிக்கிட்டே சுமப்பான். ஒருநா மேகம் எறங்கிருச்சு. ரெட்டப்பாற ஏத்தத்துல ஏழு பேரு வாறோம். இவரு கடைசி. இவருக்கு முன்னால தம்பி. அந்தப் பய முடியலைன்னு பாதைய விட்டு வெலகி பாறைகிட்ட உக்காந்துட்டான். மொறைதான? இவரு பாக்கலை. தாண்டி வந்துட்டாரு. நான் ஓ குடுக்கேன், எல்லாரும் குடுக்காக, இவரு கடைசின்னு சொல்லிட்டாரு. கடைசின்னு வந்துட்டா சரின்னுதான நெனைப்போம். மேல வந்து எண்ணுனா ஆறு."

"பெறகு?"

"பெறகென்ன. மூணு நா தேடுனோம். மூட்டை பாறையில சாத்தி வச்சபடி இருந்துச்சு. மேல சும்மாடு. மூணு நாளும் மழை. மூட்டை ஊறிப்போச்சு. சும்மாடு நனையலை."

"ஆளு?"

"ஆளு இல்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல."

சும்மாடு நனையவில்லை என்பது அக்கா சொன்னது. நான் பார்க்கவில்லை. பள்ளம் பக்கம்தான். கால் தவறியிருக்கலாம். காட்டுமாடு முட்டியிருக்கலாம். அக்கா தாள் அறுப்பதை நிறுத்தாமல்தான் இதெல்லாம் சொன்னார். வெளியே அவர் தார்ப்பாயைக் கட்டி முடித்துவிட்டு, கடைசி முடிச்சைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு நாற்பத்தோரு வயசில் முட்டி போனது. மூட்டையோடு வழுக்கி விழுந்தேன். எலும்பு சேர்ந்தது. பலம் சேரவில்லை. "இனிமே தலைச்சுமை ஆகாது தாயி," என்று அக்கா சொல்லிவிட்டார். வேறு வேலை எனக்குத் தெரியாது. ஆறு மாசம் வீட்டில் இருந்தேன். மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இல்லை.

கொடைக்கானலில் மலையேற்றம் கூட்டிப்போகிற கம்பெனி ஒன்று வருஷா வருஷம் ஓட்டம் நடத்தும். நாயுடுபுரத்தில் விடியக்காலையில் கிளம்பி, காட்டு வழியாக ஐம்பது கிலோமீட்டர் வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் எங்கள் ஊரில் முடிக்க வேண்டும். பெங்களூர், சென்னையிலிருந்து வந்து ஓடுவார்கள். உள்ளூர் ஆட்கள் ஆறு மணிக்குள் முடித்தால் கம்பெனியில் வழிகாட்டி வேலை கொடுப்பார்கள். முடிக்கவில்லை என்றால் இல்லை. அதற்கு வேறு பரீட்சை கிடையாது.

என் பேரைக் கொடுத்தது அவர்தான். அந்த ஓட்டத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா கட்டியிருப்பார்கள். எல்லோருக்கும் பின்னால் அவர் நடப்பார். நடந்துகொண்டே நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வார். அவருக்குப் பின்னால் பாதை இருக்காது. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மலையில் இல்லை.

"இந்தப் புள்ளையையும் எழுதிக்கோங்க," என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து, "எழுதியாச்சு" என்றார். முட்டியைப் பார்த்தார்.

கிளம்புகிற இடத்தில் எழுதுகிற பேடு வைத்துக்கொண்டு ஒரு சின்னப்பெண் நின்றாள். கம்பெனிப் பெண். எல்லோருக்கும் விதி சொன்னாள்.

"அந்த ஆரஞ்சுத் தொப்பித் தாத்தாதான் லாஸ்ட். அவர் உங்களைத் தாண்டிட்டாருன்னா நீங்க அவுட். அதுக்கப்புறம் ஓடி ஃபினிஷ் பண்ணாலும் கவுண்ட் ஆகாது. ஓகேவா?"

அவர் மைதானத்து ஓரத்தில் நின்றார். எல்லோரும் கிளம்பும்வரை நின்றார். கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார். நான் பார்க்கவில்லை.

முதல் பாதி நடந்துவிட்டேன். ஓட்டம் என்று பேர்தான். ஏற்றத்தில் எல்லோரும் நடக்கத்தான் செய்தார்கள். நடக்க எனக்குத் தெரியும். இறக்கத்தில்தான் முட்டி கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். கடைசி சோதனைச் சாவடிக்கு நான் வந்தபோது மூன்று இருபது. மூன்றரைக்கு அதை அடைத்துவிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நான்தான் கடைசி. இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

அந்தச் சின்னப்பெண் ஜீப்பில் அங்கே வந்திருந்தாள். எலுமிச்சம்பழத்தில் உப்பு வைத்துக் கொடுத்தாள். என் முட்டியைப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, ஜீப் இருக்கு. இங்கயே நிறுத்திக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"வேலை?"

அவள் மருந்துக் குப்பியை எடுத்தாள். முட்டியில் மருந்து தேய்த்துவிட்டாள். காட்டமான வாசனை. நான் எழுந்தேன்.

பைன் மரக்காட்டுக்குள் போனதும் மேகம் இறங்கியது. பைன் காட்டில் குருவி இருக்காது. கீழே புல் இருக்காது. காய்ந்த ஊசி இலைதான். நடந்தால் என் காலடி எனக்கே கேட்காது. அதனால் பின்னால் வருகிற சத்தம் நன்றாகக் கேட்டது. குச்சி ஊன்றுகிற சத்தம். பிறகு நாடா அவிழ்க்கிற சத்தம். சரக் என்று ஒரு இழுப்பு. மறுபடி குச்சி. நான் நின்றால் அதுவும் நிற்கும். நான் நடந்தால் அதுவும் நடக்கும். பக்கத்தில் வராது. தூரத்திலும் போகாது.

அவர் என்று தெரியும். இருந்தாலும் கழுத்தில் மயிர் நின்றது.

காடு முடிகிற விளிம்பில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் முட்டி மடங்கிவிட்டது. கையை ஊன்றி எழுந்தேன். போதும் என்று முடிவு செய்தேன். விடுவது என்றால் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி அவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் பேரை எழுதச் சொன்னவர். அவரைத் தாண்டிப் போகவிட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கினால் அரைமணியில் வீடு. யாரிடமும் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

பாதையை விட்டு விலகினேன். மேட்டுப் பக்கம் ஒரு பாறை இருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பட்டணத்து ஆள் என்றால் பாதையிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குக் கால் தானாக விலகியது.

குச்சிச் சத்தம் வந்தது. மேகத்துக்குள்ளிருந்து தொப்பி தெரிந்தது. அவர் எனக்குப் பத்தடி தள்ளி நின்றார். மரத்திலிருந்த நாடாவை அவிழ்த்தார். பாதைக்குக் குறுக்கே ஒரு மரக்கொப்பு நீண்டிருந்தது. அதைக் கையால் தூக்கிப் பிடித்தார். ஓரமாக ஒதுங்கினார். படலைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு பாறை இருந்தது. ரெட்டைப் பாறை.

"ஓ," என்றார் அவர். பெரிய சத்தமில்லை. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவதுபோல.

நான் மூச்சுவிடவில்லை. அவர் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு கொப்பை மெதுவாகக் கீழே விட்டார். நடந்தார். குச்சிச் சத்தம் சிறுத்து, சிறுத்து, அடங்கியது.

இனி நான் அவுட். அவ்வளவுதான் என்று இருந்தது. அழுகை வரவில்லை. முட்டியை நீட்டிக்கொண்டேன்.

அப்போது பின்னால், அவர் நாடாவெல்லாம் அவிழ்த்துவிட்டு வந்த பக்கத்திலிருந்து, "ஓ" என்று கேட்டது.

எதிரொலி என்று சொல்லலாம். ஆனால் நேரம் கழித்து வந்தது. ஒரு மூட்டையை இறக்கி ஏற்றுகிற நேரம் இருக்கும். சுமக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். தலையில் பாரம் இருந்தால் சத்தம் தொண்டையிலிருந்து வராது. வயிற்றிலிருந்து அமுங்கி வரும். அப்படி வந்தது. ஆண் சத்தம். வயசு அதிகம் இல்லை.

ஓட்டக்காரர் யாரும் எனக்குப் பின்னால் இல்லை.

முறை எனக்குத் தெரியும். முன்னால் ஒரு ஆள் கேட்டுவிட்டுப் போகிறார். பின்னால் ஒரு ஆள் பதில் கொடுக்கிறார். நடுவில் நான். வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஊசி இலையில் காலடி கேட்காது என்று சொன்னேன். கேட்கவில்லை. ஆனால் கொப்பு அசைந்தது. காற்று இல்லை.

எழுந்துவிட்டேன். முட்டி இருந்ததே தெரியவில்லை. நாடா ஒன்றும் இல்லை. ஈர மண்ணில் அவர் குச்சி குத்திய குழியைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே பாதை பிரியும். இடது பக்கம் இறங்கினால் என் வீடு. வலது பக்கம் மேட்டின் மேலேயே போனால் ஓட்டம் முடிகிற இடம். அங்கே வந்ததும் பயம் கொஞ்சம் தணிந்தது. வலி திரும்பி வந்தது. எப்படியும் நான் அவுட். இடது பக்கம் காலை வைத்தேன்.

வைத்த பிறகு ஒன்று தோன்றியது. நான் வீட்டுக்குப் போய்விடுவேன். காலைக் கழுவிக் கஞ்சி குடிப்பேன். அவர் அங்கே போய் நிற்பார். எண்ணுவார்கள். ஒரு ஆள் குறையும். அவர் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி ரெட்டைப் பாறைக்கு நடப்பார். ஒருதடவை தேடினது போதும் அவருக்கு.

காலை எடுத்து வலது பக்கம் வைத்தேன். அந்த ஓட்டத்தில் நான் யோசித்து வைத்த அடி அது ஒன்றுதான்.

அவர் ரொம்ப தூரம் போயிருக்கவில்லை. அடுத்த வளைவில் நின்றுகொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். நான் வருவதைக் கேட்டு, சுமையோடு வருகிறவருக்கு ஒதுங்குவதுபோல மேட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

"வா தாயி," என்றார். ஏன் பின்னாலிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை.

நான் தாண்டும்போது கேட்டார். "வேற யாரும் வாறாகளா பின்னால?"

அவர் கண் என் முகத்தில் இல்லை. நான் வந்த பாதையில் இருந்தது.

"இல்லண்ணே. யாரும் இல்ல."

தலையை ஆட்டினார். "வெரசாப் போ. நேரம் கெடக்கு."

ஆறு அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது ஊர் மைதானத்துக் கயிற்றைத் தாண்டினேன். மேஸ்திரி அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "மூஞ்சி என்னடி, செத்தவளாட்டம் வெளுத்துக் கெடக்கு?" என்றார். தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். பை நிறைய நாடா. சின்னப்பெண் பேடோடு அவரிடம் போனாள்.

"தாத்தா, ஒரு கன்ஃபர்மேஷன். நீங்க யாரையாச்சும் தாண்டுனீங்களா?"

"ஒருத்தரைத் தாண்டிட்டேன்," என்றார் அவர்.

பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். கடைசியாக வந்தது நான்தான். நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்போ தாத்தா?"

"ரொம்ப வருசம் ஆச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "பயமுறுத்திட்டீங்க." ஏதோ எழுதிக் கோடு போட்டாள். "அப்போ எல்லாரும் வந்தாச்சு. மூடிடலாமா?"

அவர் மேகத்துக்குள் பாதை ஏறிப்போகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி அக்கா சிரிக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. அது நியாயமா என்று கேட்டால், எனக்கு வேலை வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாடா கட்ட நாங்கள் இரண்டு பேரும் போனோம். நல்ல வெயில். ரெட்டைப் பாறைக்கு வந்ததும் நான் நின்றேன்.

"போன வருசம் இங்கதான் உக்காந்திருந்தேன்ணே."

"தெரியும்."

"பாத்தீகளா?"

"மருந்து வாசம் அடிச்சுச்சு." நாடாவைக் கடித்து இழுத்துக் கட்டினார். "ஒளிஞ்சு உக்காந்திருக்கவள எப்படி எழுப்புறது. அதான் சத்தம் குடுத்துட்டு, மேல போயி நின்னேன். வரட்டும்னு."

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். சத்தம் வந்ததைச் சொன்னேன். எந்தப் பக்கத்திலிருந்து என்று கையைக் காட்டினேன்.

அவர் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் போனப்பெறகா?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மூட்டைய எறக்கி ஏத்துற நேரம்."

வெயிலில் பாறை காய்ந்து கிடந்தது. ஒரு ஓணான் ஓடியது.

"நடுவுல நீதான் இருந்த," என்றார்.

"ஆமா."

"முன்னால குடுத்திருக்கணும் தாயி."

"பயந்துட்டேன்."

"பயம் வரும். குடுத்திருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. மூட்டை சரியாகக் கட்டவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கேட்டார். "களைப்பா இருந்துச்சா?"

"எது?"

"சத்தம்."

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது. ஒருதடவை சொன்னது போதும்.

"இல்லண்ணே. சுமையோட இருந்துச்சு. களைப்பா இல்ல."

தலையை ஆட்டினார். நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

அந்த ஓட்டம்தான் அவர் நடந்த கடைசி ஓட்டம். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். "செத்த நேரம் திறந்து வையி," என்றார். திறந்து வைத்தேன். ஐந்தாம் நாள் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஊர் எல்லைவரை பெண்களும் போனோம். அன்றைக்கு மட்டும் அவர் முன்னால் போனார்.

இப்போது பின்னால் வருகிற வேலை என்னுடையது. ஓட்டத்திலும் நான்தான். மலையேற ஆட்கள் வந்தாலும் நான்தான். மேகம் இறங்கினால் முன்னால் போகிற ஆள் சத்தம் கொடுப்பார். வரிசை வழியாக என்னிடம் வரும். "ஓ" என்பேன். கடைசி என்று சொல்வதில்லை. காதைக் கொடுத்து நிற்பேன். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் முன்னால் கொடுத்துவிடுவேன்.

போன மாசம் சென்னையிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். ரெட்டைப் பாறையில் எல்லோரும் போன பிறகு நான் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கு அக்கா வெயிட் பண்றீங்க? நான்தானே லாஸ்ட்?"

"நீங்க நடங்க," என்றேன். "வரட்டும்."

ஒரு ஆள் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவரைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். நான் இரண்டு ஆள் போகிற நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.